கப்பல்வழியில் எழுந்த பட்டினம்: ஊர்காவற்றுறையும் வேலணைத் தீவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் சப்த தீவுகளுள் பெரியவற்றுள் ஒன்றான வேலணைத் தீவின் வடமேற்கு முனையில், காரைநகருக்கு நேரெதிரே, ஊர்காவற்றுறை என்னும் சிறு பட்டினம் அமைந்துள்ளது. பிரதேச செயலகம், நீதிமன்றம், வைத்தியசாலை, பெயர்பெற்ற சில பாடசாலைகள், ஒரு கடைத்தெரு, ஓர் இறங்குதுறை என்று இன்று ஒரே நடையில் சுற்றி முடித்துவிடக்கூடிய அளவுக்கு அது சுருங்கியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஓர் அரசனின் கல்லாணையில் பெயர் பொறிக்கப்பட்ட துறைமுகம் இது என்பதையும், இதன் பொருட்டுப் போர்த்துக்கேயர் கடலுக்குள் கோட்டை கட்ட, ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டுப் பறித்தனர் என்பதையும் அதன் இன்றைய தோற்றத்தைக் கொண்டு ஊகிப்பது கடினம். வன்னிக் காட்டின் யானை, குடாநாட்டின் புகையிலை, தீவுகளின் சாயவேர், பர்மாவின் அரிசி என்று வேறெங்கோ விளைந்ததும் பிடிபட்டதுமான பொருள்கள் தன் துறை வழியே போய்வந்தமையால் வளர்ந்த ஊராகையால், அப்பொருள்களின் வழி திரும்பியபோதெல்லாம் ஊரின் நிலையும் திரும்பியது. ஊர்காவற்றுறையின் வரலாற்றை இந்த ஒரு நூலைப் பற்றிக்கொண்டே பெரும்பாலும் படித்துவிடலாம்.

துறையின் சிறப்பு அதன் அமைப்பிலேயே உள்ளது. காரைநகருக்கும் வேலணைத் தீவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கால்வாய் போன்ற கடற்பகுதி, வடக்கிலிருந்து வரும் வாடைக்கும் தெற்கிலிருந்து எழும் சோளகத்துக்கும் ஓரளவு மறைவானது. மேற்கே திறந்திருப்பதால் சோழமண்டலக் கரையிலிருந்து வரும் பாய்க்கப்பல்கள் குடாநாட்டைச் சுற்றாமல் நேரே உள்ளே நுழையலாம். நங்கூரமிட்ட இடத்திலிருந்து சரக்கை வள்ளங்களில் ஏற்றி, ஆழமற்ற கடலேரி வழியாக யாழ்ப்பாண நகரத்தின் கரைவரை கொண்டுசெல்லலாம். சோளகத்தில் பாய் விரித்தால் நாகபட்டினம், வாடையில் விரித்தால் வீடு என்பதே நீரிணைக் கடலோடிகளின் ஆண்டுக் கணக்கு. பாய்க்கப்பல் காலத்தில் ஒரு துறைமுகத்துக்கு வேண்டியவை ஒதுக்கிடமும் அளவான ஆழமும் பக்கத்திலேயே ஒரு சந்தையும்தான். இம்மூன்றும் அங்கே இருந்தன.

பழைய பெயர் ஊராத்துறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் அப்பெயர் இடம்பெறுகிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்ட ஆணையே அது. சிங்கள மன்னன் ஒருவன் வணிகருக்கான தன் சட்டத்தைத் தமிழில் வெட்டுவித்திருப்பது, அக்காலத்தில் அக்கடலில் வாணிபம் எந்த மொழியில் நடந்தது என்பதற்குப் போதிய சான்று. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று கூறும் அவ்வாணை, பின்னர் உடைந்த கப்பல்களைப் பற்றிய விதிக்கு வருகிறது: யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் கரைதட்டி உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், பிற சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. கரையொதுங்கியது முழுவதும் கரையை ஆள்பவனுக்கே என்ற வழக்கம் உலகின் பல கடலோரங்களில் நிலவிய காலத்தில், யானை, குதிரை வணிகரைத் தன் துறைக்கு இழுக்க வேண்டி அரசன் தன் பங்கைப் பாதியாக்கிக்கொண்டான். இன்று முதலீட்டாளருக்கு வழங்கும் வரிச்சலுகையின் தர்க்கமும் இதுவே. அதே காலத்தைச் சேர்ந்த சோழர் சாசனமான திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் படை திரட்டிக் கப்பல் கட்டுவித்ததையும், சோழர் தரப்பு அவ்விடங்களைத் தாக்கி யானைகளைக் கவர்ந்ததையும் குறிப்பிடுகிறது.

தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டளவில் வெளிப்பட்ட மட்பாண்டக் குவியலை ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தார். அவை சீனத்துச் சொங் அரசமரபின் காலத்தவை, அதாவது பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் குழுவினர் அதே இடத்தில் மீண்டும் அகழ்ந்தனர். சீனப் பீங்கான் ஒரு தீவுக் கரையில் இத்தனை வந்து சேர்ந்திருப்பது, அவ்வழியே போன பெருங்கடல் வாணிபத்தின் ஒரு கிளை இங்கே கரைதொட்டது என்பதையே காட்டுகிறது.

1619இல் யாழ்ப்பாண அரசைத் தமதாக்கிக்கொண்ட போர்த்துக்கேயர் இத்துறையை யானைத்துறை என்னும் பொருள்பட அழைத்தனர். தங்கள் மொழியில் இறங்குதுறையைக் குறிக்கும் ‘காய்ஸ்’ என்ற சொல்லே பின்னர் ஆங்கிலேயர் நாவில் ‘கயிற்ஸ்’ ஆகி இன்றும் அரச ஆவணங்களில் நிற்கிறது. வன்னியில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றப்பட்டன. ஒல்லாந்தர் காலத்தில் இது முறையான அரச வாணிபமாயிற்று: கோல்கொண்டா, வங்காளம் ஆகிய இடங்களின் வணிகர் யாழ்ப்பாணம் வந்து ஏலத்தில் யானை வாங்கினர். வாங்கியவர் வெறுங்கையோடு வரவில்லை; அரிசியும் துணியும் கொண்டுவந்தனர். யானையோடு தீவுகளின் மணற்பாங்கான நிலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட சாயவேரும் (துணிக்குச் சிவப்பு நிறம் ஊட்டும் ஒரு செடியின் வேர்) சங்கும் வெளியேறின. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களையே சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று, காரைதீவு (இன்றைய காரைநகர்) அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். கடைசிப் பெயர் ஆங்கில வரைபடங்களில் வேரூன்றிவிட்டது; மற்றவற்றை ஊரார் ஒருபோதும் நாவிலெடுக்கவில்லை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவிலுள்ள சிறு திட்டில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை ஊரார் கடற்கோட்டை என்றும் பூதத்தம்பி கோட்டை என்றும் வழங்குவர். 1658 மார்ச்சில் ரைக்லொவ் வன் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது, நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்த அக்கோட்டையைச் சில நாள்களில் பணியவைத்தது பீரங்கியைவிடக் குடிநீர்ப் பஞ்சமே. அக்கோட்டை விழுந்த பின்னரே யாழ்ப்பாணக் கோட்டை தனிமைப்பட்டு அதே ஆண்டு ஜூனில் சரணடைந்தது. இலங்கைத் தீவின் வடிவம் பன்றித்தொடை போன்றது, அதன் குதிக்கால் இக்கோட்டை என்னும் கருத்தில் ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். கோட்டையின் தமிழ்ப் பெயருக்குரிய பூதத்தம்பி, ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் துரோகக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிரதானி. அவருடைய மனைவி அழகவல்லியின்மீது ஆசைகொண்டு மறுக்கப்பட்ட அந்திராசி என்பவன் கள்ளக் கடிதத்தால் அவரைச் சிக்கவைத்தான் என்பது மரபுக் கதை. கதையின் எவ்வளவு பகுதி வரலாறு என்பது ஒருபுறமிருக்க, யாழ்ப்பாணத்துக் கூத்து மேடையில் அது நீண்டகாலம் ஆடப்பட்டது. கோட்டை பிற்காலத்தில் சிறையாகவும் பயன்பட்டு, 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கைதான இளைஞர்களையும் அடைத்து வைத்திருந்து, இப்போது கடற்படையினரால் விடுதியாக நடத்தப்படுகிறது. சிறைக்கூடமாக இருந்த இடத்தில் அறைக்கு வாடகை வாங்கும் இம்மாற்றத்தைச் சுற்றுலா விளம்பரங்கள் பெருமையோடு சொல்வது சற்று நெருடலான செய்தி.

ஆங்கிலேயர் காலத்தில் யானை ஏற்றுமதி தேய்ந்தாலும் துறை வெறுமையாகவில்லை. யாழ்ப்பாணப் புகையிலையை விரும்பி நுகர்ந்த திருவிதாங்கூர் அதன் பெரிய சந்தையாக இருந்தது. வீடு கட்டப் பயன்படும் பனஞ்சலாகைகளும் வளைகளும் இந்தியக் கரைக்கும் கொழும்புக்கும் போயின. திரும்பிவரும் தோணிகள் அரிசியும் துணியும் ஓடும் ஏற்றிவந்தன. குடாநாட்டின் மக்கள்தொகைக்கு அங்கு விளையும் நெல் எக்காலத்திலும் போதாது. புகையிலை விற்று அரிசி வாங்கும் பொருளாதாரமே யாழ்ப்பாணத்தின் அடித்தளம், அக்கொடுக்கல்வாங்கலின் வாயில்களுள் முக்கியமானது ஊர்காவற்றுறை. சுங்க மனையும் கிட்டங்கிகளும் எழுந்தன. தோணி உடைமையாளர், தண்டையல் (தோணியின் தலைவர்), மாலுமி, பாய் தைப்போர், தச்சர், கிட்டங்கிக் கணக்கர் என்று ஒரு தொழிற்சமூகம் உருவாயிற்று. அதன் செல்வம் கரம்பொன், நாரந்தனை, ஊர்காவற்றுறைத் தெருக்களில் தூண் நிரையும் நாற்சார் முற்றமும் கொண்ட கல்வீடுகளாக நின்றது. இக்கடலோடிகளின் திறமை எத்தகையது என்பதற்கு அயலூரான வல்வெட்டித்துறையின் அன்னபூரணி ஒரு சான்று: அங்கு கட்டப்பட்ட அப்பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, 1938இல் அது வல்வெட்டித்துறை மாலுமிகளின் கையாலேயே அத்திலாந்திக்கைக் கடந்து மசாசூசெற்சின் குளோஸ்ரர் துறையை அடைந்தது.

ஊர்காவற்றுறைக்கு முதல் அடி தண்டவாளத்தால் வந்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையும், 1905இல் தெற்கோடு இணைந்து கொழும்பு வரையும் புகையிரதம் ஓடத் தொடங்கியதும், கப்பலேறிப் போன பயணியும் பொதியும் இருப்புப்பாதையை நாடின. துறைமுகமும் புகையிரத நிலையமும் அருகருகே அமைந்த காங்கேசன்துறை இயல்பாகவே முந்தியது. தீவான ஊர்காவற்றுறைக்குத் தண்டவாளம் போட யாரும் நினைக்கவில்லை. உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துப் போட் டவுன்சென்ட் என்னும் சிறு நகரம் இதே விதியை ஏறத்தாழ அதே தலைமுறையில் சந்தித்தது. 1851இல் குடியேற்றமாகத் தொடங்கி, பியூஜெற் சவுண்ட் என்னும் உட்கடலுக்குள் நுழையும் கப்பல்களெல்லாம் முதலில் நின்று சுங்கம் செலுத்தும் துறையாக உயர்ந்த அந்நகரம், மேற்குக் கரையின் மாபெரும் துறைமுகமாகத் தான் ஆகப்போவதாக நம்பி 1880களின் இறுதியில் கடன் வாங்கி மாளிகைகள் கட்டியது; எதிர்பார்த்த புகையிரதப் பாதை 1890இல் நிறுவனத்தின் முறிவோடு நின்றுபோக, மக்கள் சியற்றிலுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். இடித்துக் கட்டப் பணமில்லாமையால் எஞ்சிய மாளிகைகளே இன்று அந்நகரின் சுற்றுலாச் செல்வம். மரப்படகு கட்டும் கலையும் அதன் பெயரில் 1977 முதல் நடக்கும் விழாவும் அதற்குப் புதுவாழ்வு தந்துள்ளன. ஊர்காவற்றுறைக்கும் அத்தகைய வீடுகளும் தோணி மரபும் இருந்தன. ஆனால் வறுமை காப்பாற்றி வைப்பதைப் போர் காப்பாற்றி வைப்பதில்லை.

புகையிரதத்துக்குப் பின்னும் அரை நூற்றாண்டுக்குத் துறை உயிரோடிருந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு நின்றது. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடவுச்சீட்டும் விசாவும் வந்தன; கள்ளக்குடியேற்றத் தடுப்பு என்ற பெயரில் நீரிணையில் படையினரின் ரோந்து தொடங்கியது; 1974, 1976 உடன்படிக்கைகள் கடலின் நடுவே எல்லைக்கோடு வரைந்தன. எண்ணூறு ஆண்டுகளாக அயல்வீடு போலிருந்த நாகபட்டினம் பிறநாடாயிற்று, போக்குவரத்துக் கள்ளக் கடத்தலாயிற்று.

இனி, துறையை விட்டுத் தீவின் உட்புறம் வரலாம். ஊர்காவற்றுறை கடலைப் பார்த்து நின்றதென்றால், அதன் பின்னால் உள்ள வேலணை, சரவணை, புளியங்கூடல், சுருவில், நாரந்தனை ஆகிய ஊர்கள் கிணற்றைப் பார்த்து நின்றன. ஆறு, குளத்து நீர்ப்பாசனம் எதுவுமில்லாத இத்தீவில் ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமான நீர். மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி இறங்கும் அம்மழைநீர், அடியிலுள்ள உவர்நீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. நிலவியலாளர் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கலாம். அக்கணக்கு மறுபுறமும் வெட்டும்: மேலே ஒரு அடி குறையும்படி இறைத்தால் கீழே உவர் 40 அடி எழும். துலாவால் பட்டையில் இறைத்த காலத்தில், ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்த்தமையால், மனித உடலின் களைப்பே கிணற்றின் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டிப் பகுதிகளின் மணற்பிட்டிகள் இந்நன்னீரைப் பஞ்சுபோலத் தேக்கி வைப்பவை. சாட்டிக் கிணறுகளே சூழவுள்ள உவர் ஊர்களுக்குக் குடிநீர் கொடுத்தன. கட்டட வேலைக்கென்று அம்மணலை அள்ளுவது, தண்ணீர்த் தொட்டியின் சுவரை உடைத்து விற்பதற்கு ஒப்பான வேலை. அதைச் சட்டம் தடுத்தாலும் இரவில் ஓடும் உழவு இயந்திரங்கள் முற்றாக நின்றுவிடவில்லை.

இம்மட்டான நீரை வைத்துக்கொண்டு புகையிலை என்னும் நீர்வேட்கை மிக்க பயிரை இம்மக்கள் வளர்த்தது உழைப்பின் வரலாற்றில் குறிக்கத்தக்கது. மாரி நெல்லை அறுத்த பின், அல்லது மேட்டுத் தோட்டத்தில், பனையோலையையும் குழையையும் பாத்தியில் தாழ்த்து மண்ணைப் பண்படுத்துவர். கடற்கரையில் ஒதுங்கும் சாதாளை என்னும் கடற்புல்லை அள்ளிவந்து மழையில் உப்புக் கழுவவிட்டு உரமாக்குவது தீவகத்துக்கே உரிய வழக்கம். கன்று நட்டபின் நிழல் கட்டி, நாள்தோறும் இறைத்து, பூவைக் கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் கெட்டுகளை முறித்து, முற்றிய இலையைத் தண்டோடு வெட்டி வாடவைத்து, குடிலில் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சுப் புகையில் பதப்படுத்துவர். பின் அடுக்கிப் பாடம் போட்டால்தான் அதற்குக் காரமும் நிறமும் ஏறும். சுருட்டுக்குரியது வேறு, வெற்றிலையோடு மெல்லுவதற்குரியது வேறு. இலையை விரலால் தடவியே தரகர் விலை சொல்வார். 1970களின் தொடக்கத்தில் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தோட்டக்காரர் கையில் என்றுமில்லாத பணம் புழங்கியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அது வந்த வேகத்திலேயே போயிற்று.

கடலேரிப் பக்கத்து ஊர்களில் மீன்பிடி வேறொரு கணக்கு. ஆழமற்ற நீரில் கம்பு நட்டு, மீனை இரு புறமும் சிறகுபோல் வழிமறித்து நடுவிலுள்ள கூட்டுக்குள் செலுத்தும் சிறகுவலை, படகு எரிபொருளைக் கேட்பதில்லை. ஆனால் எவர் எங்கே கம்பு நடலாம் என்னும் ‘பாடு’ உரிமை தலைமுறை தலைமுறையாகப் பங்கிடப்பட்டது.

தோட்டமும் கடலும் எல்லாருக்கும் போதாமையால் தீவகத்தார் வெளியேறும் பழக்கத்தை முன்னதாகவே கற்றனர். இலங்கையின் தென்பகுதி நகரங்களில் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை நடத்திய யாழ்ப்பாணத்தாரில் தீவகத்தாரின் பங்கு பெரிது. கொழும்பில் கடையும் வேலணையில் வீடும் என்பதே இரண்டு மூன்று தலைமுறைகளின் வாழ்க்கை முறை. திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் முதலாளி ஊர் திரும்புவார், கோயில் மண்டபமும் பாடசாலைக் கட்டடமும் அப்பணத்தில் எழும். ஆங்கிலம் கற்றவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகச் சென்றனர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியும், 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தின்கீழ் உருவான வேலணை மத்திய கல்லூரியும் இவ்வெளியேற்றத்துக்கு ஏணிகளாயின.

தீவகத்தாருள் பலர் கல்வியால் நாடறிந்தவராயினர். வேலணையில் 1874இல் பிறந்த சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி, 1936இல் ஊர்காவற்றுறைத் தொகுதியில் தெரிவாகி, 1947வரை அரசுக்கழகத்தின் (சுதந்திரத்துக்கு முந்திய சட்டசபையின்) சபாநாயகராக இருந்தார். பாராளுமன்றம் அமைந்தபின் அத்தொகுதியை அல்பிரட் தம்பிஐயா, வீ. ஏ. கந்தையா, கரம்பொன்னைச் சேர்ந்த வி. நவரத்தினம், வேலணையைச் சேர்ந்த தமிழறிஞர் பண்டிதர் கா. பொ. இரத்தினம் ஆகியோர் அடுத்தடுத்து வகித்தனர். கரம்பொன்னில் 1913இல் பிறந்து ஊர்காவற்றுறையில் தொடக்கக் கல்வி பெற்ற தனிநாயகம் அடிகளின் புகழ் இவர்கள் எல்லாரையும் கடந்தது. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கித் தமிழியலை உலகப் பல்கலைக்கழகங்களின் கவனத்துக்குக் கொண்டுசென்ற அவர், 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும் 1966இல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு கூடவும் முதற்காரணராக இருந்தார். தமிழின் தொடர்புகளைக் கடல் கடந்து தேடிய ஓர் அறிஞர் கடலோடிகளின் ஊரில் பிறந்தமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

சமயத்தில் தீவு இருவகையானது. துறையை அண்டிய ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, மெலிஞ்சிமுனைப் பகுதிகளில் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கத்தோலிக்கம் வேரூன்றியது. உட்புறத் தோட்ட ஊர்களில் சைவம் நிலைத்தது. சாட்டிக் கடற்கரையில் கோயில்கொண்ட சிந்தாத்திரை மாதா கடற்பயணத்துக்குத் துணையாவாள் என்பது நம்பிக்கை. அத்திருநாளில் சைவரும் கலந்துகொள்வர். மெலிஞ்சிமுனை, தென்மோடிக் கூத்துக்குப் பெயர்போனது. புனிதர் வரலாறுகளையும் அரச கதைகளையும் அண்ணாவியாரின் மத்தள அடிக்கு விடியவிடிய ஆடும் அக்கூத்தில், பகலில் வலை இழுத்தவரே இரவில் முடிதரித்து மன்னராவார். வேலணைப் பெருங்குளம் முத்துமாரி அம்மன், மண்கும்பான் வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் ஆகிய கோயில்களின் திருவிழாக்கள் புலம்பெயர்ந்தோரின் விடுமுறையை நிர்ணயிக்கும் அளவுக்குச் செல்வாக்குடையவை.

துறையை ஒதுக்கியதில் தாம்போதிகளுக்கும் பங்குண்டு. ஆழமற்ற கடலைக் கல்லாலும் மண்ணாலும் நிரவி அமைக்கும் உயர்சாலையே தாம்போதி. பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாண நகரையும் வேலணைத் தீவையும், வாணர் பாலம் வேலணையையும் புங்குடுதீவையும் இணைத்தபின், நெடுந்தூரச் சாலை வேலணை வங்களாவடியைத் தொட்டுப் புங்குடுதீவுக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்றது. அங்கிருந்தே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. ஊர்காவற்றுறை அச்சாலையிலிருந்து ஒதுங்கிய மூலையாயிற்று. காரைநகருக்குப் போவோர் மட்டும் ‘பாதை’ என்று ஊரார் அழைக்கும் மிதவைப் படகில் மோட்டார் சைக்கிளோடு ஏறிக் கால்வாயைக் கடக்கின்றனர்.

போர்க்காலம் இத்தீவை ஏறத்தாழ வெறுமையாக்கியது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளின்போது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இளைஞர் பலர் காணாமற்போயினர். பெரும்பாலான குடும்பங்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் ஓடின. பண்ணைத் தாம்போதி வழியான தொடர்பு பல ஆண்டுகள் அறுந்தது. 1992 ஓகஸ்ட் 8 அன்று தீவின் அராலி முனையில் கண்ணிவெடியில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட படைத் தளபதிகள் கொல்லப்பட்டனர். 2006 மே 13 அன்று அல்லைப்பிட்டியிலும் வேலணையிலும் பொதுமக்கள் பதின்மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதே ஆண்டு ஓகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் காணாமற்போனதும் இன்னும் விடை பெறாதவை.

இன்று கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளில் தீவக ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இயங்குகின்றன. கோயில் கோபுரங்கள் வண்ணத்தோடு உயர்ந்துள்ளன. அருகிலேயே கூரை இழந்த நாற்சார் வீடுகளின் முற்றங்களில் ஆலும் வேம்பும் தழைத்துள்ளன. உறுதிக்காரர் மூன்று நாடுகளில் இருக்கும் காணியை விற்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. நயினாதீவுக்கு நாகவிகாரையை வணங்கவரும் தென்னிலங்கைப் பேருந்துகள் வேலணைச் சாலையால் நிரையாக ஓடினாலும், சாட்டி வெள்ளைக் கடற்கரையைத் தவிர வேறெங்கும் நிற்பது அரிது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுகளுக்கான காற்று, சூரிய மின் திட்டத்தை 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க எடுத்த முடிவும், இந்தியாவின் எதிர்ப்புக்குப்பின் 2022இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியதும், இக்கடல் இன்னும் வல்லரசுகளின் கண்ணில் உள்ளது என்பதைக் காட்டின. கரையோரங்களில் கம்பு நட்டு வலையடைத்து வளர்க்கப்படும் கடலட்டை, உள்ளூரில் யாரும் உண்ணாமல் கிழக்காசியாவுக்கே ஏற்றுமதியாகும் பண்டம். சிறகுவலைப் பாடுகளும் சிறுமீன் வளரும் இடங்களும் அதனால் அடைபடுகின்றன என்பது சிறு மீனவரின் முறைப்பாடு.

முறைப்பாடுகளுள் பெரியது இழுவைப்படகு பற்றியது. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டி வர, கடற்படை அவற்றைப் பிடித்துவர, மீனவர் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவது வழமையாகிவிட்டது. ஒருகாலத்தில் நாகபட்டினத்துத் தண்டையல் சுங்கம் செலுத்தி மரியாதையோடு தங்கிய ஊரில், அதே கரையின் பேரப்பிள்ளைகள் விளக்கமறியலில் இருக்கின்றனர். வலை அறுபட்ட இவ்வூர் மீனவரின் இழப்பும் கைதானவர்களுடைய கூலி வறுமையும் ஒரே வழக்கேட்டில் பதிவாகின்றன. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் இலங்கைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியபோது அது கரைசேர்ந்தது காங்கேசன்துறையிலேயே. பாய்த்தோணிக்குப் போதுமாக இருந்த ஊர்காவற்றுறைக் கால்வாயின் ஆழம் இன்றைய சரக்குக் கப்பலுக்குப் போதாது. அதைத் தோண்டி ஆழமாக்குவதற்கு ஏற்ற சரக்கும் தீவகத்தில் இல்லை. பெருந்துறைமுகம் மீளும் என்னும் பேச்சைவிட, மீன் இறங்குதளம், பனிக்கட்டி ஆலை, படகு திருத்துமிடம், ‘பாதை’யின் ஒழுங்கான சேவை ஆகியவையே இப்பட்டினத்துக்கு எட்டும் தூரத்தில் உள்ளன; மீன் வாங்க வெளியூர்க் குளிரூட்டி வண்டி வரும்வரை கரையில் காத்திருந்து, அவ்வண்டிக்காரர் சொல்லும் விலைக்கே விற்கும் நிலை மாறுவதற்கு அவை போதும்.